வலி தொடங்கிய நேரம்

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு. அப்போது கண்டிச் சுற்றுவட்டாரத்து அரச ஆஸ்பத்திரி ஒன்றில் சத்திரசிகிச்சை வார்ட் என் பொறுப்பில் இருந்தது. கொவிட் நோயாளிகள் குவிந்துவிடுவார்கள் என்று கட்டில்களை ஒதுக்கி வைத்தோம். ஹேர்னியா, பித்தப்பைக் கல் என்று நாள் குறித்துச் செய்யும் ஒப்பரேசன்களைத் தள்ளிப்போட்டோம். அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அப்பெண்டிசைட்டிஸ் கட்டில்களும் காலியாகும் என்று மட்டும் நாங்கள் யாரும் நினைக்கவில்லை. சாதாரண நாட்களில் இரவுக் கடமை என்றால் ஒருவராவது அந்த வியாதியோடு தியேட்டருக்குப் போவார். ஊரடங்கின் முதல் வாரங்களில் ஒருவருமே வராத இரவுகள் இருந்தன. குடல்வால் வீங்குவதற்கும் ஊரடங்குக்கும் சம்பந்தமில்லை. வீங்கியவர்கள் எங்கே போனார்கள்?

பிறகு வந்தார்கள். வலி தொடங்கி மூன்றாம் நாள், நான்காம் நாள் வந்தார்கள். வயிறு பலகையாக இறுகி, நாக்கு வறண்டு, கண் உள்ளே போயிருந்தது. தியேட்டரில் வயிற்றைத் திறந்தால் சீழ்.

இது எங்கள் வார்ட்டில் மட்டும் நடந்ததல்ல. இஸ்ரேலில் 4 மருத்துவமனைகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது, தொற்று பரவிய முதல் 7 வாரங்களில் அப்பெண்டிசைட்டிஸ் என்று வந்தவர்கள் அதற்கு முந்திய 7 வாரங்களைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவு. வேறு பல நாடுகளிலிருந்தும் இதே செய்தி வந்தது: வருபவர்கள் குறைந்தார்கள், வந்தவர்களில் குடல்வால் வெடித்த நிலையில் வந்தவர்களின் பங்கு கூடியது. பயமும் பூட்டிய தெருவும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் எங்கள் மலைநாட்டில் அந்தப் பயத்துக்கு நீண்ட வயது இருக்கிறது. தோட்டத்து லயத்தில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு வர அவர் யாரிடம் உத்தரவு கேட்க வேண்டியிருந்தது என்பதுதான் அந்தச் சரித்திரம். நான் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பா அங்கே டிஸ்பென்சர். அதனால் அந்தச் சரித்திரத்தின் ஒரு பகுதியை எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

முதலில் வியாதியைப் பற்றி. தொப்புளைச் சுற்றி மந்தமாக ஒரு வலி தொடங்கும். சாப்பாடு வேண்டாம் என்றிருக்கும். ஒரு தரம், இரண்டு தரம் வாந்தி. சில மணி நேரத்தில் வலி வலப்பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே குத்தி நிற்கும். இலேசான காய்ச்சல் வரும். தொடங்கி 36 மணி நேரத்துக்குள் ஆள் தியேட்டர் மேசைக்கு வந்துவிட்டால் குடல்வால் வெடித்திருப்பது மிக அரிது. அதைத் தாண்டினால் ஒவ்வொரு பகலும் இரவும் ஆபத்தைக் கூட்டும். இந்த வியாதியின் ஊற்று குடல்வால்தான் என்று அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து ரெஜினோல்ட் ஃபிட்ஸ் 1886இல் எழுதினார். வலி குத்தும் இடத்தை நியூயோர்க்கின் சார்ல்ஸ் மக்பர்னி 1889இல் விரல் வைத்துக் காட்டினார். வயிற்றை அமுக்கிப் பார்க்கும்போது டொக்டர்மார் இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். 1902 ஜூன் 26இல் முடிசூட வேண்டிய ஏழாம் எட்வேர்ட் மன்னருக்கு இதே வியாதி வந்தது. 24ஆம் திகதி ஃபிரெடரிக் ட்ரீவ்ஸ் அறுத்துச் சீழை வெளியேற்றினார். மன்னர் பிழைத்து ஒகஸ்ட் 9இல் முடிசூடினார். அந்த வருடம் அவருடைய ஆட்சியின் கீழ் தேயிலைத் தோட்டத்தில் இதே வலியால் துடித்த ஒருவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஒரு கிளாஸ் விளக்கெண்ணெய்.

விளக்கெண்ணெயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் காய்ச்சல்.

கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கண்டிச்சீமைக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தார்கள். கொலராவும் வயிற்றுளைச்சலும் அம்மையும் அவர்களைப் பாதையோரத்திலேயே கொன்றன. செத்தவர்களுக்குச் சரியான கணக்கு இல்லை. உயிரோடு வந்து சேர்ந்தவர்களை மலைநாடு நோய் சுமந்து வருகிறவர்களாகவே பார்த்தது. தோட்டங்களை நடத்திய துரைமார் நோயாளிகளைக் கவனிக்காமல் விட்டதால் 1872இல் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு மருத்துவச் சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாயின. 1912இல் அந்தச் சட்டம் புதிதாக எழுதப்பட்டது. மருத்துவ அதிகாரி சொன்னால் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது துரையின் கடமை என்றது. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அதோடு ஒரு பழக்கமும் வேரூன்றியது. நோயாளி தானாக எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, அனுப்பப்படுவார். டிஸ்பென்சரியில் துண்டு, ஒப்பீசில் கையெழுத்து, பிறகு வண்டி.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியதும், அது இங்கே வந்துவிடக்கூடாது என்று 1897இல் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அந்தத் தடுப்பு ஏற்பாடுகளின் பாரம் பெரும்பாலும் தோட்டங்களுக்கு வந்த ஏழைகளின் தலையில்தான் விழுந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ரயிலும் கப்பலும் இணைந்தபின், கடல் தாண்டுவதற்கு முன் மண்டபம் முகாமில் அடைபட்டு நாட்களைக் கழித்தார்கள். என் அம்மாவின் அம்மா சிறுமியாக அந்த முகாமைக் கடந்து வந்தவர். உடுப்பை ஆவியில் அவித்ததையும், நாக்கை நீட்டச் சொன்னதையும், நெற்றி சுட்டவர்களைத் தனியே பிரித்துக் கூட்டிப்போனதையும் வயதான காலத்திலும் நடித்துக் காட்டுவார். காய்ச்சல் வந்தால் வெளியே சொல்லாதே என்பது அங்கே கற்றுக்கொண்ட பாடம். அதை எங்களுக்கும் சொல்லித் தந்தார். 2020இல் கொவிட்டுக்காக எடுத்துப் பயன்படுத்திய சட்டமும் அதே 1897ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

இந்தத் தடுப்பெல்லாம் இருந்தும் 1918இன் இன்ஃபுளுவென்சா வந்தது. அக்டோபரில் ஓர் உச்சம், அடுத்த மார்ச்சில் இன்னோர் உச்சம். இலங்கை அந்த இரண்டு அலையிலும் சுமார் 3 இலட்சம் பேரை, அதாவது மக்கள்தொகையில் 6.7 சதவீதத்தை இழந்தது என்று பின்னாளைய ஆய்வொன்று கணக்கிட்டிருக்கிறது. பத்தடிக் காம்பராவில் ஒரு குடும்பம், முதுகோடு முதுகு ஒட்டிய லயம் என்றால் இருமலுக்கு வேறென்ன வேண்டும்? என் தாத்தா அப்போது சின்னப் பையன். ஒரே கிழமையில் தாயையும் தங்கையையும் புதைத்தார்கள் என்று சொல்வார். 1934-35 மலேரியாவிலோ தீவு முழுவதும் சுமார் 80,000 பேர் செத்தார்கள். அதன் மையம் கேகாலை, குருநாகல் பக்கம். எங்கள் உயர்ந்த தோட்டங்களில் அது அவ்வளவு கடுமையாக இல்லை.

நான் தேடுவது இந்தக் கணக்குகளுக்குள் இல்லாதவர்களை. தொற்றுக்காலம் என்றால் தொற்றில் செத்தவர்களை எண்ணுகிறோம். 1918 அக்டோபரில் எங்கோ ஒரு லயத்தில் வலப்பக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்த ஒரு பெண்ணும் காய்ச்சலோடுதான் செத்திருப்பாள். அவளை எந்தப் பட்டியலில் சேர்த்திருப்பார்கள்? டிஸ்பென்சர் லயம் லயமாக இன்ஃபுளுவென்சாக்காரர்களுக்கு மிக்ஸ்சர் ஊற்றிக்கொண்டிருந்தால், இவள் வயிற்றை யார் தொட்டுப் பார்த்திருப்பார்கள்? ஆதாரம் காட்ட முடியாது. ஆனால் இருபத்தெட்டு வருடம் சத்திரசிகிச்சை வார்ட்டில் நின்றவளுக்கு அப்படிப்பட்டவர்கள் இருக்கவில்லை என்று நம்ப முடியாது.

இனி விளக்கெண்ணெய். தோட்டத்து டிஸ்பென்சரி என்றால் கொயினா, எப்சம் உப்பு, விளக்கெண்ணெய், கார்மினேட்டிவ் மிக்ஸ்சர், அயோடின். 1916இல் ரொக்கஃபெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபின் பேதி கொடுப்பது இன்னும் ஊன்றிப்போனது. புழு மருந்து, அதன்பின் வயிற்றைக் கழுவ உப்பு. அந்த இயக்கம் இரத்தச் சோகையிலிருந்து எத்தனையோ பேரைக் காப்பாற்றியது, அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எந்த வயிற்று வலிக்கும் பேதிதான் முதல் மருந்து என்ற நம்பிக்கையை லயத்திலும் டிஸ்பென்சரியிலும் அது பலப்படுத்திவிட்டது. வீங்கிய குடல்வாலுக்குப் பேதி மருந்து விஷம். குடல் முறுக்கி அசையும்போது பழுத்திருக்கும் சுவர் கிழிந்துவிடக்கூடும்.

அப்பா இதை 1950களின் கடைசியில் ஒரு மாவட்ட மருத்துவ அதிகாரியிடம் கற்றார். அதன்பின் அவர் டிஸ்பென்சரி மேசைக்கு மேலே சுவரில் சோக்கட்டியால் எழுதி வைத்திருந்தது எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து ஞாபகம்: “வலி வலப்பக்கம் இறங்கினால் எண்ணெய் கொடுக்காதே. சாப்பாடு கொடுக்காதே. கண்டிக்கு அனுப்பு.” மழையில் ஈரம் பூத்து எழுத்து அழியும்போதெல்லாம் மறுபடி எழுதுவார்.

கண்டிக்கு அனுப்புவது அவர் கையில் மட்டும் இருக்கவில்லை. இரவில் லயத்திலிருந்து ஆள் வரும். அப்பா டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். அமுக்கும்போது வரும் வலியைவிட, கையைச் சட்டென்று எடுக்கும்போது வரும் வலியைக் கவனிப்பார். பிறகு துரை பங்களாவுக்கு நடப்பார். தோட்டத்தில் வண்டி என்றால் கொழுந்து லொறி ஒன்றுதான். துரை விழித்து, கையெழுத்துப் போட்டு, டிரைவரை எழுப்பி, லொறித் தட்டில் சாக்கு விரித்து, கலஹா வளைவுகளில் இறங்கிப் பேராதனை தாண்டிக் கண்டிக்குப் போய்ச் சேர விடிந்துவிடும். ஒவ்வொரு துரை ஒவ்வொரு மாதிரி. சிலர் கேட்டவுடன் தந்தார்கள். காலையில் பார்க்கலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அப்படிச் சொன்ன இரவுகளில் அப்பா தூங்கியதில்லை.

இடையில் எவ்வளவோ மாறியது. 1962இல் பேராதனையில் மருத்துவ பீடம் தொடங்கியது, 1980இல் அங்கே போதனா வைத்தியசாலை வந்தது. தோட்டங்கள் அரசுடைமையாயின, மறுபடி கம்பனிகளிடம் போயின. தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் வேலை பல்லாண்டாக இழுபடுகிறது. பஸ் வந்தது, முச்சக்கரவண்டி வந்தது, கைபேசி வந்தது. 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய, 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் பிறகு நாடு முழுவதும் விரிந்து 297 வண்டிகளாயிற்று. ஒருவரிடமும் கையெழுத்துக் கேட்காமல் அம்புலன்ஸ் கூப்பிடலாம் என்பது எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மலைநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளக்குவது கடினம். 2019 அளவில் லயத்திலிருந்து வருகிற அப்பெண்டிக்ஸ் நோயாளிகள் டவுனிலிருந்து வருபவர்களைப் போலவே அன்றன்றே வந்துகொண்டிருந்தார்கள்.

2020இல் ஊரடங்கு வந்ததும் பழைய தோட்டம் திரும்பி வந்தது. பஸ் நின்றது. முச்சக்கரவண்டிக்காரர்கள் பொலிசுக்குப் பயந்தார்கள். ஆஸ்பத்திரித் துண்டு கையில் இருந்தால் போகலாம் என்று அறிவித்தார்கள், ஆனால் முதல் தடவை நோய் வந்தவரிடம் துண்டு எப்படி இருக்கும்? கொழுந்து பறிக்கவும் தொழிற்சாலை ஓடவும் அனுமதி இருந்தது. 1883இலிருந்து நடந்துவந்த கொழும்புத் தேயிலை ஏலம்கூட ஏப்ரல் தொடக்கத்தில் முதன்முறையாகக் கணினிவழி நடந்தது. தேயிலை தடங்கலில்லாமல் கொழும்பு போய்ச் சேர வேண்டும் என்பதற்கு ஏற்பாடு இருந்தது. அதே மலையிலிருந்து வயிற்று வலிக்காரர் கண்டி போய்ச் சேர ஏற்பாடு செய்ய யாருக்கும் தோன்றவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

கண்டிக்கு வடக்கே, மாத்தளைப் பாதையில் இருக்கும் அக்குறணையை மார்ச் கடைசியில் முழுதாக மூடினார்கள். கோப்பிக் காலத்து மக்கள் கொலராவோடு நடந்து வந்ததும் அந்த வடக்குப் பாதையில்தான். கிழக்கே தெல்தெனிய ஆதார வைத்தியசாலை கொவிட் நோயாளிகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. இரங்கலை, நக்கிள்ஸ் மலைப் பக்கத்து மக்களுக்குக் கிட்டத்தில் இருந்த ஆஸ்பத்திரி அது. நோக்கம் சரியானது, எங்காவது ஓர் இடத்தை ஒதுக்கத்தான் வேண்டும். அந்த மலைக்காரர்களுக்குப் பாதை இன்னும் நீண்டது.

கலஹாவுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்திலிருந்து ஏப்ரலில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் வந்தான். வலி தொடங்கி மூன்று நாள். வாசலில் உடல் வெப்பம் பார்த்தார்கள், காய்ச்சல் இருந்தது. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த அண்ணன் ஊரடங்குக்கு முன் வீட்டுக்கு வந்திருக்கிறான் என்பதும் தெரிந்தது. பையன் வார்ட்டுக்கு வராமல் தனியறைக்குப் போனான். மூக்கில் மாதிரி எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அவன் வயிற்றைத் தொட்டவர் ஒரே ஒரு இளம் டொக்டர், முழு உடையும் இரட்டைக் கையுறையும் போட்டுக்கொண்டு. அந்தக் கையுறைக்குள்ளிருந்து வயிற்றின் இறுக்கத்தை உணர்வது எவ்வளவு கடினம் என்று அவர் என்னிடம் சொன்னார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. அறுவைக்கு முன்னோ பின்னோ கொவிட் தொற்றியவர்களில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 23.8 சதவீதம் என்று 24 நாடுகளின் கணக்கு அந்த மே மாதம் வெளியானது. பயப்படக் காரணம் இருந்தது. ஆனாலும் அந்தப் பையனுக்கு வீட்டில் போன மணித்தியாலங்களோடு எங்கள் வாசலுக்குள் போன மணித்தியாலங்களும் சேர்ந்தன. குடல்வால் வெடித்திருந்தது. வயிற்றைக் கழுவி, குழாய் வைத்து, நீண்ட நாள் வைத்திருந்து அனுப்பினோம். பிழைத்துக்கொண்டான். மாதிரியில் கொவிட் இல்லை.

ஏன் இவ்வளவு பிந்தினீர்கள் என்று நான் கேட்டபோது அவன் அம்மா அழுதுகொண்டே சொன்னார்: “முந்தாநாளே வந்திருப்போம் மிஸி. காய்ச்சல்னு சொன்னா புடிச்சிட்டுப் போயி கேம்ப்புல போட்ருவாங்க, லயத்தயே பூட்டிருவாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. பக்கத்துக் காம்பராக்காரங்களும் பாவம் இல்லையா? ஓமத்தண்ணி குடுத்துப் பாத்தோம்.” எண்ணெய் கொடுத்தீர்களா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த மாதங்களில் தியேட்டரிலும் முறைகள் மாறின. லப்பரொஸ்கொப்பியில் ஊதும் காற்றோடு கிருமி பரவுமோ என்ற பயத்தில் பலர் பழையபடி வயிற்றைக் கீறியே செய்தார்கள். தொண்டையில் குழாய் விடாமலிருக்க முதுகுத்தண்டில் ஊசி போட்டு மரக்கச் செய்தார்கள். அறுக்காமல் அன்டிபயோட்டிக் மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்று பிரிட்டனின் சத்திரசிகிச்சைக் கல்லூரிகள் வழிகாட்டின. அந்த முறை புதியதல்ல, 1950களிலேயே ஆங்கிலேய டொக்டர் ஒருவர் நூற்றுக்கணக்கானோருக்கு அப்படிச் செய்திருக்கிறார். 2020 அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்றும் வந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 10 பேரில் 3 பேருக்கு 90 நாட்களுக்குள் ஒப்பரேசன் தேவைப்பட்டது, மற்றவர்கள் தப்பினார்கள். கட்டுகஸ்தோட்டையில் வீடும் வாசலில் காரும் இருப்பவருக்கு இது நல்ல தெரிவு. மடுல்கலைக்கு மேலே லயத்தில் இருப்பவருக்கு அப்படியல்ல. அந்த மூவரில் ஒருவராகி நடு இரவில் மறுபடி வலித்தால் அவர் எதில் ஏறித் திரும்பி வருவார்? எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் நோயாளியின் விலாசத்தைப் பார்த்துவிட்டே தீர்மானிப்பார். மேல் தோட்டங்கள் என்றால் வெட்டிவிடுவார். அந்த நேரத்தில் அதுதான் சரி என்று நான் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

மழைக்காலம் முடிவதற்குள் நாங்கள் சிலவற்றைக் கற்றுக்கொண்டோம். எங்கள் வார்ட்டில் நோயாளியின் படுக்கைத் துண்டில் முதல் வரியாக, பெயருக்கு அடுத்தபடியாக, வலி தொடங்கிய நேரத்தை எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதைவிட அது முக்கியம் என்று இளம் தாதிகளுக்குச் சொன்னேன். அந்த நேரம் எழுதியிருந்தால், மாதிரி முடிவுக்காகக் காத்திருக்கும்போது ஒருவராவது கடிகாரத்தைப் பார்த்துத் தியேட்டருக்குப் போன் எடுப்பார். பிறகு உடனடி அன்டிஜன் சோதனை வந்தது, அரை மணிக்குள் முடிவு தெரிந்தது. எனக்குத் தெரிந்த தோட்ட மருத்துவ உதவியாளர்கள் சிலரோடும் பேசினேன். அப்பா சுவரில் எழுதியிருந்ததைச் சொன்னேன். அதோடு இரண்டு சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்: 1990ஐ நீங்களே அழையுங்கள், வலி தொடங்கிய நேரத்தைத் துண்டில் எழுதி நோயாளியின் கையில் கொடுத்தனுப்புங்கள்.

2021 ஒகஸ்ட் 20ஆம் திகதி நாட்டை மறுபடி மூடினார்கள், அக்டோபர் 1 வரை. முதல் ஊரடங்கைவிடத் தொற்று அப்போதுதான் பன்மடங்கு கடுமை. எங்கள் தியேட்டர் ஆட்களிலேயே பலர் விழுந்துவிட்டார்கள். அந்தச் செப்டெம்பரில் புசல்லாவைப் பக்கமிருந்து கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி அம்புலன்ஸில் வந்தாள். கையில் கசங்கிய துண்டு. தோட்டத்து உதவியாளர் எழுதியிருந்தார்: வலி அதிகாலை 4 மணி, 8 மணிக்கு வலப்பக்கம் இறங்கியது, எண்ணெய் கொடுக்கவில்லை, காலையிலிருந்து சாப்பிடவில்லை, காய்ச்சல் 100. அவளை யாரும் தனியறையில் மறக்கவில்லை. அன்று மாலையே தியேட்டருக்குப் போனாள். குடல்வால் சிவந்து வீங்கியிருந்தது, வெடிக்கவில்லை. மூன்றாம் நாள் டிக்கட் வெட்டினோம். மாகாணத்துக்குள்ளும் பஸ் சரியாக ஓடாததால் வீட்டுக்குப் போக வழியில்லாமல் இன்னும் இரண்டு நாள் வார்ட்டிலேயே இருந்தாள். கட்டில் தேவைப்பட்டபோது தானே எழுந்து நாற்காலிக்கு மாறிக்கொண்டாள்.